பெஞ்சில் இருக்கும் குவார்ட்டர்பேக்குக்காக உங்கள் சிறந்த தடுப்பாட்டக்காரரைக் கொடுக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் வீடியோவையும் எண்களையும் வைத்து வீரர்களை மதிப்பிடுவது என் வேலை. விளையாட்டு நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் தங்கள் அறிக்கைகளை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். சந்தோஷமாகவே படிப்பேன். ஆனால் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்) பருவம் முடிந்தால் போதும், ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. "அணியில் நல்ல குவார்ட்டர்பேக் இல்லை. டிஃபென்ஸில் ஒரு நட்சத்திரம் இருக்கிறார். அவரைக் கொடுத்து, இன்னொரு அணியின் பெஞ்சில் இருக்கும் அந்த இளைஞரை வாங்கிவிடலாம்." (குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்; டிஃபென்ஸ் என்பது எதிரணியைத் தடுக்கும் பிரிவு.) போன வாரமும் ஒன்று வந்தது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதை ஏற்கெனவே ஓர் அணி செய்து பார்த்துவிட்டது. குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் 2009 பருவத்தோடு ஓய்வு பெற்ற பிறகு அரிசோனா கார்டினல்ஸ் அந்த இடத்தில் யார் யாரையோ இறக்கிப் பார்த்து, 2010-இல் 5 வெற்றி, 11 தோல்வி என்று முடித்தது. 2011-இல் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு. ஜூலை கடைசி வரை லீக் பூட்டிக் கிடந்தது. கதவு திறந்ததுமே அரிசோனா பிலடெல்பியா ஈகிள்ஸிடம் ஓடியது. ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டம் வரை போன கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களை மறிக்கும் தடுப்பாட்டக்காரர்) டொமினிக் ராட்ஜர்ஸ்-குரோமார்ட்டியையும், அடுத்த டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து குவார்ட்டர்பேக் கெவின் கோல்பை வாங்கினார்கள். பிலடெல்பியாவில் கோல்ப் தொடக்க வீரராக ஆடியது 7 ஆட்டம். அவருக்குச் சுமார் 6.3 கோடி டாலரில் ஐந்து ஆண்டு ஒப்பந்தமும் போட்டார்கள்.

அரிசோனாவில் இரண்டு பருவங்களிலும் சேர்த்து அவர் தொடக்க வீரராக இறங்கியது 14 ஆட்டம். ஒன்று மாற்றி ஒன்று காயம். 2012-இல் லீக்கிலேயே அதிகமாக, 58 முறை, அந்த அணியின் குவார்ட்டர்பேக்குகள் கீழே சாய்க்கப்பட்டார்கள். 2013 மார்ச்சில் கோல்பை விடுவித்துவிட்டார்கள். ராட்ஜர்ஸ்-குரோமார்ட்டிக்கும் பிலடெல்பியாவில் சரியான இடம் அமையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் 2015 பருவத்தில் நியூயார்க் ஜெயன்ட்ஸுக்காக ஆடி மறுபடியும் ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். அதற்குள் கோல்பின் ஆட்ட வாழ்க்கையே முடிந்திருந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஆட்டத்திலேயே முக்கியமான இடம் குவார்ட்டர்பேக்தானே சார்?" எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆம், முக்கியமான இடம்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் முக்கியம் அந்த இடம். அதில் வந்து நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்த மதிப்பு தானாக வந்துவிடாது. கல்யாணச் சமையலுக்குத் தலைமைச் சமையல்காரர் முக்கியம் என்பதற்காகக் கரண்டி பிடித்த யாரையும் கூட்டிவந்து 1,000 பேருக்குப் பந்தி போடச் சொல்வோமா? இடம் எவ்வளவு முக்கியமோ, அதில் தவறான ஆள் நின்றால் சேதமும் அவ்வளவு பெரிது. சுமாரான கார்னர்பேக்கை, அவருக்குப் பின்னால் நிற்கும் சேஃப்டி என்ற காவல் வீரரின் துணையோடு மறைத்துவிடலாம். சுமாரான குவார்ட்டர்பேக்கை எங்கே மறைப்பது? கிட்டத்தட்ட எல்லா ஆட்ட நகர்விலும் பந்து அவர் கையில்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நல்ல தடுப்பாட்டக்காரர் போய்விட்டால் எதிரணி கூடுதலாகப் புள்ளி எடுக்கும். உங்கள் புதிய குவார்ட்டர்பேக் எப்போதும் பின்தங்கிய நிலையிலேயே ஆடுவார். பின்தங்கினால் பந்தோடு ஓடும் ஆட்டத்தை விட்டுவிட்டு வீசியே தீர வேண்டும். அது எதிரணிக்கும் தெரியும், அவர்கள் நேராக அவர் மேல்தான் பாய்வார்கள். அனுபவமில்லாத பையன் நிதானமாக வளர வேண்டும் என்று விரும்புகிறவர்களே, அவன் வளரத் தேவையான சூழலை விலையாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்!

அடுத்து, சில ஆட்டங்களின் மயக்கம். 2012 ஜனவரி 1 அன்று கிரீன் பே பேக்கர்ஸின் மாற்று வீரர் மேட் ஃபிளின், டெட்ராய்ட்டுக்கு எதிராக 480 யார்டு வீசி 6 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) போட்டார். சியாட்டில் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் பருவம் தொடங்குவதற்குள் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் வந்த ரஸ்ஸல் வில்சன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். சியாட்டிலுக்கு இதில் போனது பணம் மட்டும்தான். ஃபிளினுக்காக ஒரு தடுப்பாட்டக்காரரையும் அவர்கள் விட்டுத்தரவில்லை. அதே டிஃபென்ஸ்தான் 2014 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் டென்வரை 43-8 என்று நொறுக்கியது.

சரி, ஒருவரைப் பற்றி எப்படித்தான் முடிவு செய்வது? டச்டவுன் தொகுப்பு வீடியோக்களை மூடி வையுங்கள். மூன்றாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 8 யார்டு வேண்டும் என்கிற காட்சிகளை மட்டும் எடுங்கள். முதலில் பார்த்த ரிசீவர் அடைபட்டுவிட்டார். இப்போது பந்தைப் பார்க்காதீர்கள், குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். முன்னால் அவரைக் காக்கும் சக வீரர்களின் வரிசை இன்னும் உடையவில்லை, இருந்தும் குதிகால் தூக்கிப் பக்கவாட்டில் நழுவுகிறாரா? அல்லது பின்காலை ஊன்றி, தோளைத் திருப்பி, இரண்டாவது ரிசீவருக்கு வருகிறாரா? பாதுகாப்பான இடத்தைவிட்டு முன்கூட்டியே ஓடுகிறவரை நான் பரிந்துரைப்பதில்லை. வீச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பெஞ்சிலிருந்து வாங்கப்பட்டுப் பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் பெயரைச் சொல்லி என்னை மடக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் பதில் உண்டு. 1992-இல் கிரீன் பே வாங்கியபோது அவர் அட்லாண்டாவுக்காக 4 பந்துதான் வீசியிருந்தார். சொந்த அணியின் கையில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஆனால் அவரை வாங்கிய கிரீன் பே பொது மேலாளர் ரான் வுல்ஃப், முந்தைய ஆண்டு ஜெட்ஸ் அணியில் இருந்தபோதே ஃபார்வை அலசி, டிராஃப்டில் எடுக்க விரும்பியவர். அட்லாண்டா ஓர் இடம் முந்திக்கொண்டது. ஆக, அவர் அந்த 4 பந்துகளைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. கொடுத்ததும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு. ஆடிக்கொண்டிருந்த நட்சத்திரம் அல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2021-இல் செய்ததைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்தான் பிரச்சினை என்று தெரிந்ததும், 12 பருவம் ஆடித் தன்னை நிரூபித்த மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார்கள். அதற்குத் தங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும் டிராஃப்ட் தேர்வுகளையும் கொடுத்தார்கள். டிஃபென்ஸ் நட்சத்திரங்களான ஆரன் டொனால்டையும் ஜேலன் ராம்சியையும் தொடவில்லை. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் 23-20 என்று முன்னிலை, கடைசி நிமிடம், சின்சினாட்டிக்கு நான்காவது, அதாவது கடைசி, டவுன். அவர்களின் குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றி, பந்து யாருக்கும் சேராமல் விழச் செய்தவர் டொனால்ட்.

இனி அறிக்கை அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வாங்கச் சொல்லும் குவார்ட்டர்பேக்கைத் தினமும் பயிற்சியில் பார்க்கிற சொந்த அணி ஏன் விற்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் உங்கள் வீரர் வரிசை அவரைக் காப்பாற்றுமா என்று பாருங்கள். விலையை டிராஃப்ட் தேர்வாகப் பேசுங்கள்; ஆடிக்கொண்டிருக்கும் வீரரை மேசையில் வைக்காதீர்கள். ஒரு பருவமாவது ஆடுவதற்கு முன் நீண்ட ஒப்பந்தம் போடவே போடாதீர்கள். அப்புறம், மூன்றாவது டவுன் காட்சிகளை ஒரு கோப்பாக இணைத்து அனுப்புங்கள், தயவுசெய்து. அது இல்லாமல் வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.