டெம்போ: வேகமா, காலப்பிரமாணமா?

சிம்பொனி இசைத்தட்டின் உறையைத் திருப்பினால், ஒவ்வொரு பகுதிக்கும் நேரே அலெக்ரோ, அடாஜியோ, பிரெஸ்டோ என்று ஏதாவது ஓர் இத்தாலியச் சொல் இருக்கும். அவைதான் டெம்போக் குறிப்புகள். தமிழில் எழுதும்போது இந்த டெம்போவைப் பெரும்பாலும் ‘வேகம்’ என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை, ஆனால் பாதிப் பொருள்தான் வருகிறது.

லத்தீனில் ‘டெம்புஸ்’ என்றால் காலம். அதிலிருந்து பிறந்த ‘டெம்போ’வுக்கு இன்றைய இத்தாலியிலும் அதுவே பொருள், வானிலையையும் அதே சொல்லால் குறிப்பார்கள். இசையில் அது, அடிக்கு அடி எவ்வளவு காலம் விடுவது என்ற கணக்கு. இடைவெளி குறைந்தால் விரைவு, கூடினால் நிதானம்.

குறிப்புச் சொற்களில் பலவும் வேகத்தைச் சொல்பவையே அல்ல. அலெக்ரோ என்றால் மகிழ்ச்சியாக. அடாஜியோ என்றால் ஆற அமர. அந்தாந்தே, நடந்து செல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. லார்கோ என்றால் அகலமாக. பிரெஸ்டோ மட்டும் நேராகவே ‘விரைவாக’. ஆக, டெம்போச் சொல்லுக்குள் மெய்ப்பாடும் சேர்ந்தே வருகிறது. இதில் உள்ள சிக்கலைப் பேத்தோவனே 1817-இல் ஒரு கடிதத்தில் சுட்டிக்காட்டினார்: அலெக்ரோ என்றால் மகிழ்ச்சி, ஆனால் அந்தச் சொல்லைத் தாங்கிய இசையோ பல நேரம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பது அவர் குறை. அவருடைய ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியே அதற்குச் சான்று. சி மைனரில் இடிபோல் இறங்கும் அந்த இசைக்கும் ‘அலெக்ரோ கோன் பிரியோ’ என்றுதான் பெயர்.

1815-இல் மேல்ட்செல் என்பவர், அடிகளைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு இத்தனை அடி என்று எண்ணால் சொல்ல வழி பிறந்தது. 60 என்றால் நொடிக்கு ஒன்று. அதுவரை எழுதிய எட்டு சிம்பொனிகளுக்கும் பேத்தோவன் 1817-இல் எண்களை வெளியிட்டார். அந்த எண்களை அப்படியே பின்பற்றலாமா என்ற வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைக் கேட்டால் இந்த வாக்குவாதம் எதைப் பற்றியது என்று புரியும். அதன் தாளக்கட்டு ஒரு நெடில், இரண்டு குறில், மீண்டும் இரண்டு நெடில்: ‘தா தன தா தா’. பகுதி நெடுகிலும் இந்த எட்டு மாத்திரை திரும்பத் திரும்ப வரும். பேத்தோவன் எழுதிய குறிப்பு அலெக்ரெட்டோ, அதாவது கொஞ்சம் கலகலப்பாக, எண் 76. ஒரு நெடிலுக்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் கணக்கில் வாசித்தால் துயரம் தலைநிமிர்ந்து நடக்கும். பழைய பதிவுகள் சிலவற்றில் இது 60-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஏழரை நிமிடத்துக்குள் முடிய வேண்டியது பத்து நிமிடத்தை நெருங்குகிறது, இறுதி ஊர்வலமே கண்முன் வருகிறது. சுரம் ஒன்றுகூட மாறவில்லை. எனக்கு 76-தான் பிடிக்கும்; அழுகையைவிட அந்த விடாப்பிடியான நடைதான் நெஞ்சைப் பிடிக்கிறது.

இதே பகுதியின் நடுவில் ஏ மைனர் ஏ மேஜர் ஆகிறது. அடித்தந்திகளில் அதே தாளக்கட்டு தொடர, டெம்போக் குறிப்பும் மாறாமலே இருக்க, கிளாரினெட்டும் பஸூனும் எடுக்கும் மெட்டில் சட்டென்று வெளிச்சம் பரவுகிறது. டெம்போ மட்டுமே மெய்ப்பாட்டைத் தீர்மானிப்பதில்லை. (ஏ மைனர், ஏ மேஜர் என்பவற்றை ஆங்கிலத்தில் ‘கீ’ என்பார்கள். அதைச் சுருதி என்று எழுதுவது பொருந்தாது. நம் ஆதார சுருதி கச்சேரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும்; சிம்பொனியின் ‘கீ’ வழியில் இடம் மாறும், மேஜர் மைனர் என்ற சாயலும் அதோடு சேரும். ஏ மைனர் என்று அப்படியே எழுதுவதே தெளிவு.)

பதிவுகள் எவ்வளவு விலகலாம் என்பதற்கு மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் அடாஜியெட்டோவைப் பார்க்கலாம். தந்திக் கருவிகளும் ஹார்ப்பும் மட்டுமே. 1926-இல் இசைக்குழு நடத்துநர் மெங்கல்பெர்க் ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் முடித்ததை, 1988-இல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் இன்னொரு நடத்துநர் ஹைடிங்க் கிட்டத்தட்ட பதினான்கு நிமிடம் வாசித்தார். முன்னதில் காதல் கடிதத்தின் படபடப்பு, பின்னதில் விடைபெறுதல்.

இப்போது தமிழ்ச் சொல். ‘நடை’ பொருத்தமாகத் தோன்றும். ஆனால் திஸ்ர நடை, கண்ட நடை என்று அடிக்குள் இருக்கும் பிரிவுக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. ‘காலம்’ சொல்லளவில் டெம்போவின் நேர்ச்சொல். என்றாலும் முதல் காலம், இரண்டாம் காலம் என்றால் தாளம் மாறாமல் பாடுவது இரட்டிப்பது என்று பொருள் கொள்வோம், குழப்பம் வரும். சிலப்பதிகார உரையில் அருமையான சொல் ஒன்று உண்டு: இயக்கம். முதனடை, வாரம், கூடை, திரள் என்று அது நான்கு வகை. முதனடை மிகத் தாழ்ந்த செலவு, திரள் முடுகிய நடை. அலெக்ரோ, அடாஜியோவுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேண்டுமா! ஆனால் இன்று ‘இசை இயக்கம்’ என்று எழுதினால் கொடி பிடித்த கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

எனவே ‘காலப்பிரமாணம்’ என்பதே என் தேர்வு. தாளத்தின் அடிகளுக்கு இடையே பாடகர் எடுத்துக்கொள்ளும் கால அளவு அது. வடசொல்தான், ஆனால் இசைக்காரர் வாயில் அன்றாடம் புழங்குவது. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். எடுத்த காலப்பிரமாணத்தை விடாமல் காப்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். ஃபுர்ட்வெங்லர் போன்ற நடத்துநரோ ஒரே பகுதிக்குள் அதை நெகிழ்த்தியும் முடுக்கியும் உணர்ச்சியைக் கட்டுவார். அதற்கான குறிப்புகளுக்கும் நம்மிடம் எளிய சொற்கள் உண்டு: ரிட்டர்டாண்டோ என்றால் காலத்தை இழுத்தல், அச்செலராண்டோ என்றால் முடுக்குதல், ‘ஆ டெம்போ’ என்றால் எடுத்த காலத்துக்கே திரும்புதல்.