கடையில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடையில் வேலை செய்கிறவர்கள் காலைக் காட்ட வரும்போது பெரும்பாலும் ரொம்பத் தாமதமாகத்தான் வருகிறார்கள். கணுக்காலுக்கு மேலே உள்பக்கத் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, சொறிந்த இடம் புண்ணாகி, மெடிக்கலில் ஏதோ ஆயின்மென்ட் வாங்கிப் போட்டும் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த பிறகு. சர்க்கரையாக இருக்குமோ என்ற பயத்தில் வருவார்கள், பார்த்தால் சர்க்கரை நார்மல். "என்ன வேலைம்மா?" என்று கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வரும். "சேலை செக்‌ஷன் டாக்டர். காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை ஆயிரும். தீபாவளி நேரம்னா கேட்கவே வேணாம்."

காலுக்கு இறங்கிய ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்கு ஏற்றும் பம்பு கெண்டைக்கால் சதைதான். நடந்தால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாது. ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் தேங்கி, அழுத்தம் கூடி, வருஷக்கணக்கில் வால்வுகள் பழுதாகிச் சிரைகள் பச்சையாகப் புடைத்துக்கொண்டு வரும். நரம்பு சுருட்டல் என்று ஊரில் சொல்வது இதைத்தான். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், உடல் எடை கூடினால், இரண்டு மூன்று பிரசவம் ஆகியிருந்தால் சீக்கிரமே வரும்.

காலோடு போனாலும் பரவாயில்லை. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆன்டிபயாடிக் எழுதித் தருவது எங்களுக்குச் சுலபம், அது தீர்வில்லை என்பதும் தெரியும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்பவர் தொடங்கிய பெண்கூட்டு என்ற பெண் தொழிலாளர் அமைப்பு முதலில் கேட்டதே கழிப்பறைதான், நாற்காலி அப்புறம் வந்தது. அந்தப் போராட்டத்தால்தான் கேரளத்தில் 2018-ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டிலும் 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

சரி, ஸ்டூல் வந்ததா? பல கடைகளில் வந்திருக்கிறது. கவுன்டருக்கு அடியில் கிடக்கிறது, மேலே கேமரா இருக்கிறது. ஆள் வராத மதிய நேரத்திலும் உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்று பெயராகிவிடும் என்பதால், மடித்த சேலையையே பிரித்து மடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கடை ஹாஸ்டலிலேயே தங்கியிருக்கும் பிள்ளைகள் எதிர்த்துக் கேட்டால், வேலையோடு தங்குமிடமும் போகும். இதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பங்குண்டு. உட்கார்ந்தபடி புடவை எடுத்துக் காட்டினால் மரியாதை இல்லை என்று முதலாளியிடம் புகார் சொல்வது யார்?

"அதிகம் நிக்காதீங்க" என்று சீட்டில் எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகச் சொல்வது இதுதான்: நிற்கிற இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பம்பு ஓடும். ராத்திரி கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்துப் படுங்கள். அழுத்தக் காலுறையை டாக்டரிடம் காட்டி, அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும், காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். சென்னை வெயிலில் அது என்ன பாடு என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்று, சம்பளச் சீட்டைப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால், இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கைக்காசு போட வேண்டியதில்லை. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு, முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுக்கும் நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். பிடித்தம் இருப்பதே தெரியாமல் கடன் வாங்கித் தனியாரிடம் ஆபரேஷன் செய்தவர்களும் வருகிறார்கள்.

புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் பயந்து ஓடாதீர்கள். அங்கேயே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.