காயமில்லாமல் சாகும் பறவை: பங்குனியில் பழவேற்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில், தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் கால்நடை கிளினிக்குக்கு நான்கு இளைஞர்கள் ஒரு பூநாரையைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் எடுத்துவந்தார்கள். இளம் பறவை, இன்னும் ரோஜா நிறம் ஏறாமல் சாம்பல் பூத்திருந்தது. "அடி எதுவும் படல டாக்டர், கால் மட்டும் நிக்க மாட்டேங்குது" என்றார் அவர்களில் ஒருவர். உடல் முழுவதும் தடவிப் பார்த்தேன். சிறகெலும்பு ஒடியவில்லை, கால் மூட்டு பிசகவில்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. தொடைத் தசைகள் மட்டும் கட்டைபோல இறுகியிருந்தன. நடந்ததைக் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்கள். கூட்டமாக எழும்பிப் பறப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று கணுக்கால் நீரில் இறங்கிப் பறவைகளை நோக்கி ஓடியிருக்கிறார்கள். கூட்டம் எழும்பி அப்பால் போய் இறங்கியதும் மறுபடி ஓடியிருக்கிறார்கள். ஐந்தாவது முறை இந்த ஒரு பறவை எழவில்லை. அடிபட்டிருக்கிறது என்று நினைத்து, துரத்திப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வனத்துறைக்குத் தகவல் தெரிவித்துவிட்டு, நீர்மருந்து ஏற்றி, துணியால் தொட்டில் கட்டிக் கால்கள் தரையைத் தொடும்படி நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அது இறந்தது. அந்த நால்வரும் மூன்று நாளும் வந்து பார்த்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். துரத்தினாலே ஒரு பறவை சாகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயந்து தொடர்ந்து ஓடும் விலங்கின் தசைகளில், வேலையின் வேகத்துக்கு ஆக்சிஜன் வந்து சேராததால் அமிலம் தேங்கி, உடல் வெப்பமும் கூடி, தசை நார்களே சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் நிறமிப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைப் பாழாக்குகிறது. பொட்டாசியம் உயர்ந்து இதயம் தடுமாறுகிறது. சில பறவைகள் அங்கேயே விழுந்துவிடும். பல பறவைகள் எழும்பிப் போய்விட்டன என்று நாம் நினைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, ஓரிரு நாள் கழித்து, யாரும் பார்க்காத சேற்றில் நிற்க முடியாமல் மடங்கிக் கிடக்கும். மான்களிடமும் இது உண்டு; பறவைகளில் பூநாரை, நெடுங்கால் உள்ளான், நாரை போன்ற நீண்ட கால் உடையவையே இதற்கு அதிகம் பலியாகின்றன. மருத்துவத்தால் காப்பாற்றக் கூடியவை மிகக் குறைவு. வராமல் தடுப்பது மட்டுமே வழி.

மாசியின் பிற்பாதியிலிருந்து சித்திரை முதல் வாரம் வரை நம் வடசென்னைக் கடற்கரைக்கு மிக நல்ல காலம். காலை வெயில் இன்னும் சுடாது. மழைநீர் வடிந்து, பழவேற்காடு ஏரியின் ஓரங்களிலும் எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்தித் திட்டுகளைச் சுற்றியும் சேற்றுப்பரப்பு வெளியே தெரியத் தொடங்கும். புழுவும் சிறு இறாலும் நிறைந்த அந்தச் சேறுதான் வலசைப் பறவைகளின் பந்தி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், நம் பக்கத்துக் கரைகளிலேயே கண்கொள்ளாத காட்சிகள் உண்டு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். நான் அதிகம் போவது அண்ணாமலைச்சேரிக்கு. அந்தக் கரை ஏரிக்கு மேற்கே இருப்பதால், மாலை மூன்றரைக்கு மேல் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். பறவையின் நிறம் அப்போதுதான் துலங்கும். காலையில் போய் எதிர்வெயிலில் கண் கூசி, ஒன்றும் தெரியவில்லை என்று நீருக்குள் இறங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் ஒரு முறையாவது உள்ளான்களைப் பொறுமையாகப் பாருங்கள். தை மாதம் முழுவதும் மண்ணிறமாகத் திரிந்த, கீழ்நோக்கி வளைந்த மூக்குடைய சிறு உள்ளான் ஒன்று, பங்குனியில் கழுத்திலிருந்து வயிறு வரை திட்டுத்திட்டாகச் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். அது சைபீரியாவின் வடகோடிக்குக் குஞ்சு பொரிக்கப் புறப்படுகிறது என்பதன் அடையாளம் அந்தச் சிவப்பு. அதனுடன் மேயும் கொசு உள்ளான், ஒரு கோழிமுட்டையின் பாதி எடை இருந்தால் அதிகம். இவை புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் ஓயாமல் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. கரைப்பறவைகளில் சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொண்டு கிளம்புகின்றன. அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. நாம் ஒருமுறை எழுப்பிவிடும்போது இழப்பது சில நிமிட மேய்ச்சல் மட்டுமன்று, சேர்த்த வழிச்செலவும் அதில் கரைகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற முப்பது குழுவும் ஆளுக்கொரு முறை எழுப்பினால் அந்தப் பறவை என்ன செய்யும்?

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மீட்டர் கணக்கைவிடப் பறவையே சரியாகச் சொல்லும். பூநாரை மேயும்போது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்திருக்கும். அந்தத் தலை நீரில் இருக்கும்வரை நீங்கள் இருக்கும் இடம் சரி. ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள். கூட்டமே கழுத்தை உயர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். உட்கார்ந்துகொண்டால் இன்னும் நல்லது, கால் மணி நேரத்தில் அவையே உங்களை மறந்து மேயும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலிருந்து வருவது எதுவானாலும் அவற்றுக்கு அது பருந்துதான்.

உப்பளத்து வரப்புகளிலும் காய்ந்த ஏரிக்கரைகளிலும் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டிய பருவமும் இதுவே. ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா ஆகியவை வெயில் காலத்தில் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. ஆட்காட்டி அடைகாப்பது குளிருக்காக மட்டும் அன்று. உச்சிவெயிலில் அது முட்டைகள்மேல் நிழலாக நிற்கும். நீரில் வயிற்று இறகுகளை நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். தலைக்குமேல் கத்திக்கொண்டு ஓர் ஆட்காட்டி சுற்றிச்சுற்றி வந்தால், அதன் முட்டை அருகில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தேடிப் படம் எடுக்க நிற்காமல், வந்த வழியே திரும்புங்கள்.

படகைப் பற்றி ஒரே சொல். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. யாராவது ரகசியமாக அழைத்துப்போவதாகச் சொன்னால் ஏறாதீர்கள்.

அடிபட்ட பறவையைக் காண நேர்ந்தால் செய்ய வேண்டியதையும், அதைவிட முக்கியமாகச் செய்யக் கூடாததையும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பங்குனி, சித்திரையில் காத்தாடி விடுவது கூடிவிடும். தடை இருந்தும் மாஞ்சா நூல் நிற்கவில்லை. அத்துடன் மீன்பிடிக்கிறவர்கள் அறுத்துப் போடும் தங்கூசி நரம்பும் (நைலான் தூண்டில் இழை) தூண்டில் முள்ளும் சேர்ந்துகொள்கின்றன. ஒருமுறை நீர்க்காகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொத்திவிடும் என்று அலகை ரப்பர் பேண்டால் இறுகக் கட்டியிருந்தார்கள். முள் சிறகில்தான் மாட்டியிருந்தது, பிழைக்கக் கூடிய காயம். ஆனால் கிளினிக் வாசலுக்கு வரும்போதே மூச்சு நின்றிருந்தது. நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் வெளிமூக்குத் துளைகள் அடைபட்டவை. அவை வாயால்தான் மூச்சு விடுகின்றன. அலகைக் கட்டுவது அவற்றின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். கொத்துவதற்கு அஞ்சினால் துண்டால் தலையைத் தளர்வாக மூடுங்கள். இருட்டானதும் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும். கொக்கும் நாரையும் கண்ணைக் குறிவைத்துக் குத்தும், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். முள்ளைப் பிடுங்கவோ, சதைக்குள் புதைந்த தங்கூசி இழையை இழுக்கவோ கூடாது. வெளியே தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். எண்ணெய் அப்பிய பறவையை உடனே சோப்பு போட்டுக் கழுவுவதும் தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப்போனது. அப்படிப்பட்ட பறவைக்கு முதலில் சூடும் ஓய்வும் கொடுத்து, உடல் தேறிய பிறகே கழுவ வேண்டும். வீட்டில் வைத்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிற இடத்தில் ஒப்படையுங்கள்.

கடைசியாகப் பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமை. மீனவர்கள் அதற்கு வைத்த பெயரே அது கரையேறும் மாதத்தைச் சொல்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்காகக் கல் கொட்டிவிட்டதால், அதற்கு மணல் கிடைப்பது வடக்கே பழவேற்காட்டுப் பக்கம்தான் அதிகம். இரவில் கரைக்குப் போகிறவர்கள் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் அடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி: தாய் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்துபோகும். 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் நீரிலேயே மூச்சுமுட்டும். ஆனால் அசையாமல் கிடக்கும் ஆமை எல்லாம் செத்தது அன்று. வலையில் வந்த ஆமை உயிரற்றதுபோல் கிடந்தால், கடலில் திரும்ப வீசாதீர்கள், மூழ்கிவிடும். குப்புற நேராக வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி முட்டுக்கொடுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வாய்வழியே வடியும். நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி விட்டுவிடுங்கள். மூக்கை மட்டும் மூடாதீர்கள். அவ்வப்போது கண்ணிமையை மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது அசைவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு முழு நாளும் ஆகலாம்.