ஸ்டாக்கர்டு ஸ்பின்-அப்: முறைவைத்த சுழல் தொடக்கம்

பல வன்தட்டுகளை (வட்டுகளை) ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டின் அமைப்புப் பக்கத்தில் பலரும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இரண்டு வரிகள் உண்டு: ‘ஸ்பின்-அப் டிரைவ் கவுன்ட்’, ‘ஸ்பின்-அப் டிலே’. மெகாரெய்டு என்ற வகைக் கார்டுகளில், அவற்றை ஆளும் ஸ்டோர்-சி.எல்.ஐ. கட்டளை வழியாகவும் இவற்றை மாற்றலாம். மின்சாரம் வந்ததும் எல்லா வட்டுகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்காமல், சிலசிலவாக, நேரம் விட்டுத் தொடங்கச் செய்வதே இரண்டின் வேலையும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்டாக்கர்டு ஸ்பின்-அப்.

எதற்கு இந்த ஏற்பாடு? நின்றுகிடக்கும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை (சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம்) இருக்காது. அதனால் தொடக்கத்தில் அது மின்னோட்டத்தை அள்ளி இழுக்கும். வேகம் கூடக்கூட எதிர்விசை வளர்ந்து, இழுப்பு குறையும். 3.5 அங்குல, நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வன்தட்டு ஒன்று தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் கேட்கும், அதாவது 24 வாட். ஓட்டம் சீரானபின் சும்மா சுழல்வதற்கு மொத்தமாகவே 5 முதல் 8 வாட் போதும். இப்படி 24 வட்டுகள் உள்ள பெட்டியில் எல்லாம் சேர்ந்து கிளம்பினால் 48 ஆம்பியர், 576 வாட். பத்துப் பதினைந்து நொடி மட்டுமே நீடிக்கும் இந்தத் தேவைக்காக மும்மடங்கு பெரிய பவர் சப்ளை வாங்குவது வீண். வாங்காமல் விட்டாலோ 12 வோல்ட் சரிந்து, சில வட்டுகள் எழாமலே போகும். கார்டு அவற்றைக் காணவில்லை என்று அறிவித்து, நல்ல வட்டைப் பழுதான வட்டாகக் காட்டும்.

இனி சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பின்’ என்றால் நூற்றல். பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்குவது. சுழல்வது என்ற பொருள் பின்னால் வந்தது. வன்தட்டுக்குள் வட்டத் தகடுகள் கோக்கப்பட்டிருக்கும் அச்சுக்குப் பெயரான ‘ஸ்பிண்டில்’ அதே வேரிலிருந்து கிளைத்தது. நம் இராட்டையில் அதற்குக் கதிர் என்று பெயர். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல வட்டத் தகடுகள் ஐம்பது, நிமிடத்துக்கு 1200 சுற்று சுழன்றன. அவ்வளவு எடையை நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுவருவதே ஒரு தனிக் கட்டம்தான். ‘அப்’ குறிப்பது அதைத்தான்: மேலே என்பதை அல்ல, உரிய வேகத்தை எட்டும்வரை என்பதை.

‘ஸ்டாக்கர்’ பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்டக்ரா’விலிருந்து வந்தது. தள்ளு, தள்ளாடச் செய் என்று பொருள். ஒரே வரிசையிலோ ஒரே நேரத்திலோ விழாமல் மாற்றி மாற்றி வைப்பது என்ற பொருள் பிற்காலத்தது. இது தெரியாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தள்ளாடும் மேல்சுழற்சி’ என்று வந்து நிற்கும். படிப்பவர் வட்டு பழுதாகிவிட்டது என்றே நினைப்பார்.

தமிழில் இதற்குத் தயாரான சொல் வயலில் இருக்கிறது. அணையில் நீர் குறைவாக இருந்தால் எல்லா மடைக்கும் ஒரேயடியாகத் திறப்பதில்லை, முறைவைத்துத் திறப்பார்கள். இருப்பது குறைவு, கேட்பவர் பலர், ஆகவே ஒருவர்பின் ஒருவர். இங்கே நீருக்குப் பதில் மின்னோட்டம், அவ்வளவே. எனவே ஸ்பின்-அப் என்பதற்குச் ‘சுழல் தொடக்கம்’ என்றும், ஸ்டாக்கர்டு ஸ்பின்-அப் என்பதற்கு ‘முறைவைத்த சுழல் தொடக்கம்’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ‘படிப்படியான’ என்பது பொருந்தாது; ஒரே வட்டு மெல்ல மெல்ல வேகமெடுப்பது போல ஒலிக்கும். ‘தாமதத் தொடக்கம்’ என்பதிலும் குறை உண்டு: காத்திருப்பதைச் சொல்கிறதே தவிர வரிசையைச் சொல்லவில்லை. ‘முறை’ என்று வைத்துக்கொண்டால் மற்ற இரண்டு சொற்களும் தாமே வந்துவிடுகின்றன: கவுன்ட் என்பது முறைக்கு எத்தனை வட்டு, டிலே என்பது முறை இடைவெளி.

எண்களை வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 24 வட்டு, முறைக்கு 2, இடைவெளி 6 நொடி என்று வைத்தால் 12 முறை. கடைசி முறை 66-ஆம் நொடியில் தொடங்கும். முறைக்கு 4 என்றால் 30-ஆம் நொடியிலேயே. ஆனால் வட்டு முழு வேகமெடுக்க 12 நொடி ஆகுமென்றால், முதல் முறை முடியுமுன்பே இரண்டாவது தொடங்கிவிடும். ஆக, 2 என்று எழுதியிருந்தாலும் ஒரே நேரத்தில் வேகமெடுப்பவை 4. பவர் சப்ளைக் கணக்கை இந்த 4-ஐ வைத்துத்தான் போடவேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டு இடைவெளியைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும். வட்டு தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அட்டவணையில் 3-ஆம் எண் பண்பு சுழல் தொடக்க நேரத்தையும், 10-ஆம் எண் பண்பு மறுமுயற்சிகளையும் காட்டும். இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் வட்டை மட்டும் சந்தேகிக்காமல் மின்சாரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

கார்டில் எழுதிவிட்டால் மட்டும் வட்டு கேட்டுவிடாது. சர்வர்களில் பயன்படும் சாஸ் இணைப்பு வகை வட்டுகளில் சிக்கல் இல்லை. சுழலலாம் என்ற குறிப்பு இணைப்பில் வரும்வரை அவை காத்திருக்கும். சாதாரணக் கணினிகளில் உள்ள சாட்டா இணைப்பு வகையில் மின் இணைப்பியின் 11-ஆம் பின்தான் தீர்மானிக்கும்: அது மின்சுற்றின் தரையோடு (கிரவுண்டு) இணைந்திருந்தால் வட்டு மின்சாரம் வந்தவுடனே சுழலும், கார்டின் சொல் எடுபடாது. பல சாதாரண பவர் கேபிள்களில் அது தரையோடுதான் இணைந்திருக்கும். வட்டுகளை வரிசையாகச் செருகும் பேக்பிளேன் உள்ள பெட்டிகளிலேயே இந்த அமைப்புக்கு முழுப் பயன்.

மதர்போர்டின் சாட்டா கட்டுப்படுத்தியும் தனக்கு இந்த வசதி இருப்பதாக ஒரு பிட் வழியாகச் சொல்லும். அதைக் கண்ட லினக்ஸ் வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே தேடும். பூட் ஆக நேரமாகும். வட்டு இரண்டுதான், மின்சாரம் தாராளம் என்றால், அந்த பிட்டைப் புறக்கணிக்கும் தெரிவைத் தாராளமாகப் போடலாம்.

நினைவகச் சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி.யில் சுழல ஒன்றுமில்லை. அதற்கு இந்த எண்கள் பொருளற்றவை. கிளவுடில் ‘சர்வரை ஸ்பின்-அப் பண்ணு’ என்கிறார்களே, அங்கும் சுழல்வது எதுவும் இல்லை. அதற்குச் ‘சுழல் தொடக்கம்’ என்று எழுதவேண்டாம்; ‘சர்வரைத் தொடங்கு’ என்றாலே போதும்.