நியோலிதிக்: பெயரில் கல், பொருளில் ஊர்

'நியோலிதிக்' என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே 'புதிய கற்காலம்' என்று படித்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. கிரேக்கத்தில் 'நியோஸ்' என்றால் புதிய, 'லித்தோஸ்' என்றால் கல். சிக்கல் மூலச்சொல்லிலேயே இருக்கிறது.

1865இல் ஜான் லுப்பக் என்ற ஆங்கிலேயர் இதையும், இதற்கு இணையான 'பேலியோலிதிக்' (பழைய கற்காலம்) என்பதையும் உருவாக்கினார். உடைத்துச் செதுக்கிய கருவி பழையது, தேய்த்து வழவழப்பாக்கிய கருவி புதியது என்பது அவர் போட்ட கோடு. அந்தக் கோடு நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 35,000 ஆண்டுகளுக்கு முன்பே விளிம்பு தேய்த்த கற்கோடரி இருந்தது. அதைச் செய்தவர்களோ வேட்டையாடியும் காய், கிழங்கு சேகரித்தும் வாழ்ந்தவர்கள்.

1930களில் தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 'நியோலிதிக் புரட்சி' என்று எழுதியபோது அவர் மனதில் முதன்மையாக இருந்தது பயிரும் கால்நடையும்தான். இன்றும் இந்தச் சொல்லுக்கு அதுவே உயிர். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் தேய்த்த கற்கோடரிகளோடு கொள்ளும் பச்சைப்பயறும் பயிரிட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. அந்தப் பயறுகள்தான் எனக்குப் பெரிய செய்தி.

சரி, 'புரட்சி'? இந்தச் சொல்லை நான் தவிர்த்துவிடுவேன். ஒரே தலைமுறையில் எல்லாம் தலைகீழானது போன்ற எண்ணத்தை அது தருகிறது. மேற்காசியாவில் நடந்தது வேறு. இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹூலா பள்ளத்தாக்கின் ஐன் மல்லாஹாவில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் நட்டூஃபியர்கள் என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் மக்கள் கல் அடித்தளம் போட்டு வட்டமான வீடுகள் கட்டினார்கள். மான் வேட்டையாடினார்கள். பயிரிடவில்லை. உழவு வருமுன்பே ஊர் வந்துவிட்டது! அங்கிருந்து முழு விவசாயத்துக்கு வந்து சேர சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அதன் பிறகும் எல்லாம் ஒன்றாக வரவில்லை. பாலஸ்தீனத்தின் எரிகோவில் 1950களில் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் தோண்டியபோது, பழைய அடுக்குகளில் வீடும் மதிலும் இருந்தன, மண்பானை இல்லை. அதனால் 'பானைக்கு முந்தைய புதிய கற்காலம்' என்று பெயரை நீட்ட வேண்டியதாயிற்று.

காலத்தின் பெயராகப் 'புதிய கற்காலம்' இருக்கட்டும், வேரூன்றிவிட்டது. ஆனால் விதைக்கக் கற்றதை 'வேளாண் மாற்றம்' என்றும், ஓரிடத்தில் தங்கியதைக் 'குடியமர்வு' என்றும் தனித்தனியே எழுதலாம். குடியேறு, குடியிரு, குடியமர் என்று நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது. நட்டூஃபியர்களைப் பற்றி எழுதும்போது 'குடியமர்ந்த வேட்டையாடிகள்' என்றால் போதும்.