சரிவில் நிற்கும் லாரியின் எஞ்சினை அணையுங்கள்

"சிங்கப்பூரில் மலை எங்கே இருக்கிறது அண்ணே, சரிவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள்?" வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் டிரைவர் தம்பிகள் கேட்பதுதான். புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தொடவில்லை. ஆனால் அடித்தளம் தோண்டும் இடத்து மண்பாதையும், துவாஸிலும் ஜூரோங்கிலும் லாரி மாடி மாடியாக ஏறும் கிடங்குகளின் ரேம்பும் நமக்குப் போதும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 16 டன் லாரியைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 1.6 டன்.

எஞ்சினை அணைக்கச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அபராதம். அடுத்தது புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே அறிவித்துவிட்டது. தோண்டிய குழிக்குள் அந்தப் புகை எளிதில் வெளியேறாது. இரண்டும் சரியான காரணங்களே. சரிவில் இன்னொன்று சேர்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

நிறுத்திய லாரியில் எஞ்சின் ஓடும்போது கியர் நியூட்ரலில்தான் இருக்கும். அப்போது லாரியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட்பிரேக் மட்டுமே. அணைத்துவிட்டு, முகப்பு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியரும், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸும் போட்டால், எஞ்சினே இரண்டாவது பூட்டாகிவிடும். கிளட்ச் மிதி இல்லாத லாரியில் மட்டும் இதை நம்பாதீர்கள். அதன் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

நம் ஊரில் ஓடும் ஜப்பானியச் சிறு லாரிகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கும். அந்த ஷாஃப்டை இறுகப் பிடித்தாலும், பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால் பின்சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுற்றும், லாரி உருளும். கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, எனவே அதுவும் காப்பாற்றாது. சரிவில் ஜாக்கி வைத்து டயர் மாற்றக்கூடாது என்பது இதனால்தான். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் இதனால்தான். செங்கல்லோ உடைந்த பலகையோ கட்டை ஆகாது.

"பிரேக் காற்று இறங்கிவிடும் அண்ணே, அதனால் ஓடவிடுகிறேன்" என்பார்கள் பெரிய லாரி டிரைவர்கள். ஸ்ப்ரிங் இறுக்கிப் பிடிக்க, காற்று அதை விடுவிக்கும் ஸ்ப்ரிங் பிரேக் உள்ள லாரியில் காற்று போனால் பிரேக் இறுகத்தான் செய்யும், விடாது. கொஞ்ச நேரம் நிறுத்தியதற்கே காற்று இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த லாரி பட்டறைக்குப் போக வேண்டும். டர்போ சூடு தணிய வேண்டும் என்பது நியாயம்தான், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பிறகு காலை மெதுவாக எடுத்து, பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் மறுபடி மிதித்து, எஞ்சினை அணைத்து, கியர் போடுங்கள். நடைபாதை விளிம்பு இடப்பக்கம் இருந்தால், இறக்கத்தில் சக்கரத்தை இடது பக்கமும் ஏற்றத்தில் வலது பக்கமும் திருப்புங்கள். அமெரிக்கக் காணொளிகளில் இது தலைகீழாக இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கிரேன் லாரிக்கும் டிப்பருக்கும் வேலை நடக்கும்போது எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். அங்கே சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இருக்கவே கூடாது, கேபினுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், டிப்பர் தொட்டியைச் சமதரையில்தான் தூக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது டீசலை மிச்சப்படுத்தும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. சுமை முழுவதும் பிரேக்கின் மீது விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இறங்கும் முன் மேலேயே கியரைக் குறையுங்கள், புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள்.

லாரி தானாக உருளத் தொடங்கினால் துரத்திப்போய் ஏறாதீர்கள். சத்தம் போட்டு, கீழே நிற்பவர்களை விலக்குங்கள்.

மேற்பார்வையாளர்களிடம் ஒரு கோரிக்கை. மண் ஏற்ற மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் டிரைவர் ஏசிக்காகத்தான் எஞ்சினை ஓடவிடுகிறார். வெயிலில் அந்த கேபினில் நம்மாலும் உட்கார முடியாது. அவரைத் திட்டுவதற்கு முன், லாரி நிற்கச் சமதரையில் ஓர் இடமும், டிரைவர் உட்கார நிழலும் ஒரு விசிறியும் ஏற்பாடு செய்யுங்கள்.