துருவித்தேடல்: ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

நிலத்துக்குக் கீழே கனிமம் இருக்கிறதா, எந்த ஆழத்தில், எவ்வளவு என்று கண்டறிவதுதான் எக்ஸ்ப்ளோரேஷன். செய்திகளில் இது ‘கனிம ஆய்வு’ என்று வருகிறது. கேட்டால், யாரோ கல்லைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. ‘அகழாய்வு’ என்று எழுதுவோரும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கீழடி எடுத்துக்கொண்டுவிட்டது, அதை விட்டுவிடலாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் ‘எக்ஸ்ப்ளோராரே’. வேடர்கள் கூச்சலிட்டு விலங்கைப் புதரிலிருந்து கிளப்புவதிலிருந்து வந்த சொல் என்பது அதற்குச் சொல்லப்படும் பழைய விளக்கம். காட்டுயிருக்கு நேரும் முதல் தொல்லையும் அந்தக் கூச்சல்தானே!

தமிழில் ‘தேட்டம்’ இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தேடிச் சேர்த்த சொத்தைக் குறிக்கும். கனிமம் தேடுவதோ பல இடங்களில் வெறுங்கையோடு முடியும் வேலை. ‘துருவு’ இன்னும் நெருக்கமானது. துளைத்தல், சுரண்டுதல், நுணுகித் தேடுதல் மூன்றும் அதன் பொருள்கள். தேங்காயையும் துருவுகிறோம், விஷயத்தையும் துருவித் துருவிக் கேட்கிறோம். ‘துருவல்’ என்று நிறுத்தினால் அடுப்படி நினைவு வரும். ‘துருவ ஆய்வு’ என்றால் பனிக்கண்டத்துக்குப் போய்விடும். ஆகவே துருவித்தேடல்.

துளை அந்தச் சொல்லுக்குள் இருப்பது முக்கியம். சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் கிராஃபைட்டையே, அதாவது பென்சில் முனைக் கரியையே, எடுத்துக்கொள்வோம். அது மின்சாரம் கடத்துவதால் முதலில் மண்ணில் மின்முனை நட்டு மின்தடை அளப்பார்கள். அதுவரை ‘ஆய்வு’ என்ற சொல் பொருந்தும். அடுத்து துளைபோடும் ரிக் வண்டி வரும். எச்.க்யூ. எனப்படும் தர அளவில் துளைத்தால் துளையின் விட்டம் 96 மி.மீ.; உள்ளிருந்து 63.5 மி.மீ. பருமனில் கோர் எனும் பாறை உருளை வெளிவரும். பிட் எனும் துளைமுனை சூடாகாமலிருக்கத் தண்ணீரும் பென்டோனைட் களிமண் சேறும் ஓடும். பக்கத்தில் சேற்றுக்குழி வெட்டுவார்கள்.

கேடு பெரும்பாலும் துளைத்தபின் வருகிறது. மூடாத துளை நிலத்தடியில் இரண்டு நீரடுக்குகளை இணைத்துவிடும். மேலே உப்புநீர் இருந்தால் அது கீழுள்ள நன்னீரில் இறங்கும். மேலூற்று கீழே வடிந்தால் பக்கத்துக் கேணி வற்றும். பாறையில் பைரைட் எனும் கந்தக இரும்புக் கனிமம் கலந்திருந்தால், வெளியே குவித்த தூள் மழையில் நனைந்து அமிலநீரைக் கசியவிடும்.

துளையைச் சிமெண்ட் குழம்பால் நிரப்பி மூட வேண்டும். எச்.க்யூ. அளவில் 100 மீட்டர் துளையின் கொள்ளளவு ஏறக்குறைய 725 லிட்டர். 50 கிலோ சிமெண்டை 25 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சுமார் 41 லிட்டர் குழம்பு கிடைக்கும். அப்படியானால் 18 மூட்டை வேண்டும்; பாறை வெடிப்புகளில் போவது தனி. இரண்டு மூட்டையில் மூடியதாகக் கணக்குக் காட்டினால் வாயை மட்டும் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். குழம்பை மேலிருந்து ஊற்றக் கூடாது, நடுவில் சிக்கி அடியில் வெற்றிடம் விடும். குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து நிரப்பிக்கொண்டே மேலே தூக்க வேண்டும்.

செட்டிநாட்டில் கேணி மட்டும் பார்த்தால் போதாது. ரிக் போகப் போட்ட மண்பாதை வரத்துக்காலை அடைத்துவிட்டால் அந்த வருஷம் ஊருணி நிறையாது. எந்த நீர்ச் சோதனையிலும் இது தெரியாது. மழை பெய்யும்போது வரத்துக்காலோடு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கேடுகளைக் கணிப்பதற்குப் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. மதிப்பீட்டின் ‘ஈடு’ இடுதலிலிருந்து வந்தது: மதிப்பை இடுவது. எந்த மாதத்தில் இடுகிறோம் என்பதில்தான் தவறு நுழைகிறது. இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் மட்டும் கேணியை அளந்தால் தண்ணீர் தாராளம் என்றாகிவிடும். மே மாதத்தில் மட்டும் பறவை எண்ணினால் இடம் வெறிச்சோடியது என்றாகிவிடும். திருப்பத்தூர் அருகே, 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய்களுக்கு வலசைப் பறவைகள் வருவது பனிக்காலத்தில். அவற்றுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த மாதங்களில் இராத்திரியும் ஓடும் ரிக்கின் இரைச்சலையும் விளக்கையும் தனியே அளந்து எழுத வேண்டும். கேணியின் நீர்மட்டம், நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மூன்றையும் துளைப்பதற்கு முன்பே மே, ஜனவரி இரண்டிலும் குறித்து வைக்காவிட்டால், பிற்பாடு ஒப்பிட எதுவும் இருக்காது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சுரங்கத்துக்கு முன்அனுமதி கேட்கிறது; அதற்கு முந்தைய இந்தத் தேடலுக்கு விலக்கு தருகிறது. ‘ஆய்வு’ என்ற மெல்லிய சொல்லோடு அந்த விலக்கு எளிதில் பொருந்திப்போகிறது. அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘துருவித்தேடல் துளை, ஆழம் 100 மீட்டர், அடியிலிருந்து மூடப்பட்டது, சிமெண்ட் 18 மூட்டை.’